பாடத்திட்டத்தில் எச்சில் இல்லை

கல்லூரி வாசலில் இரண்டு பலகைகள் இருந்தன. ஒன்றில் ‘மதுவின் வாசனைகூடப் படாத வளாகம். மீறுவோர் உடனே நீக்கப்படுவர்’ என்று எழுதியிருந்தது. பக்கத்திலேயே, அதே பெயிண்டில், அதே ஆள் எழுதிய இன்னொரு பலகை, ‘ஒயின் ரசனைத் துறைக்குச் செல்லும் வழி’ என்று அம்புக்குறி போட்டுக் காட்டியது. இரண்டையும் சேர்த்துப் படித்துவிட்டுச் சிரிக்காமல் உள்ளே போகிறவன்தான் அங்கே படிக்கத் தகுதியானவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்ம பையன் சிரிக்கவில்லை. அவனுக்கு வேறு கவலை இருந்தது.

ஹோட்டல் நிர்வாகப் படிப்பு. கடைசி வருஷத்தில் ஒயின் ரசனை கட்டாயப் பாடம். அதில் தேறினால்தான் கப்பல் கம்பெனிக்காரர்கள் நேர்முகத்துக்கே கூப்பிடுவார்கள். தேறாதவன் ஏதாவது ஒரு சாப்பாட்டுக் கடையில் மேஜை துடைக்கலாம். அதற்குப் பட்டம் தேவையில்லை. பையனோ டீகூடக் குடிக்காதவன். இடைவேளையில் எல்லோரும் டீயும் காபியும் வாங்கும்போது இவன் மட்டும் வெந்நீர் கேட்பான். அதனால் கல்லூரி முழுக்க அவனுக்கு வெந்நீர் என்றே பெயர். பேராசிரியர்கள்கூட வருகை எடுக்கும்போது அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அவன் அம்மா துணி ஆலையில் சோதனைப் பிரிவில் இருந்தாள். தைத்து வரும் சட்டையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, தையல் எங்கே பிசகியிருக்கிறது என்று பார்ப்பது வேலை. அப்பா குடித்தே போய்ச் சேர்ந்தவர். அந்த வீட்டில் குடியைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. ஆகவே பாடப் பட்டியலை வெந்நீர் வாசித்துக் காட்டியபோது அம்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"அதைத் தொட்டுத்தான் ஆகணுமா?"

"வாயில வச்சுட்டுத் துப்பிடணும்மா. முழுங்கினா காலேஜை விட்டே அனுப்பிடுவாங்க."

அம்மாவுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. "அப்ப நல்ல காலேஜுதான். வாய் வரைக்கும் வந்தா வந்துட்டுப் போகுது. தொண்டைக்குள்ள ஒரு சொட்டு இறங்கக் கூடாது. என் தலைமேல கை வச்சுச் சொல்லு."

அவன் கை வைத்துச் சொன்னான். கல்லூரி போட்ட சட்டமும் அம்மா போட்ட சட்டமும் ஒன்றேதான். ஆனால் அதை நிஜமென்று நம்பியவர்கள் இந்த இரண்டு பேர் மட்டும்தான்.

துறைத் தொடக்க விழாவில் முதல்வர் பேசியது இன்னும் பலருக்கு நினைவிருக்கும், மின்விசிறி ஓடாத அரங்கில் பேசியதால். "நம் மாணவர்கள் குடிக்க மாட்டார்கள். ரசிப்பார்கள். குடிகாரன் விழுங்குவான், ரசிகன் துப்புவான். ஒரு நாட்டின் நாகரிகத்தை அது எதைத் துப்புகிறது என்பதை வைத்து அளக்க வேண்டும்" என்றார். கைதட்டினார்கள். வளாகத்தில் மது என்ற சொல்லே கூடாது என்பதால், அன்று முதல் ஒயினுக்கு அலுவல் ரீதியாகப் ‘பாடப்பொருள்’ என்று பெயர் வைத்திருப்பதாகவும் அறிவித்தார். மறுவாரம் லாரியில் பெட்டி பெட்டியாகப் பாடப்பொருள் வந்து இறங்கியது. உடைந்த இரண்டு பாட்டில்களுக்காகக் கல்லூரி ஒரு நிமிஷம் அமைதி காத்தது.

துறைத் தலைவருக்கு மூக்கு சார் என்று பெயர். ஒரு வாரம் வெளிநாட்டுக்குப் போய்வந்து துறையைத் தொடங்கியவர். போகும்போது சாதாரண மனிதராகத்தான் போனார். வரும்போது கழுத்தில் ஒரு பட்டுத் துணியும், எதைக் கொடுத்தாலும் முதலில் மூக்கை உள்ளே விட்டுப் பார்க்கும் பழக்கமும் கூடவே வந்துவிட்டன. டீயை முகர்ந்து பார்ப்பார். தண்ணீரை முகர்ந்து பார்ப்பார். விடைத்தாள் கட்டை முகர்ந்து பார்த்து, இந்த வகுப்பு தேறாது என்று ஒரு முறை சொன்னாராம்.

முதல் பருவம் முழுக்கக் காலிக் கிளாஸ்தான். கிளாஸின் காலைப் பிடிப்பது எப்படி, சுழற்றுவது எப்படி, வெளிச்சத்தில் சாய்த்துப் பெருமூச்சு விடுவது எப்படி என்று மாதக்கணக்கில் சொல்லிக் கொடுத்தார்கள். ஒருத்தன் எதுவும் இல்லாத கிளாஸைச் சுழற்றிவிட்டு, மேஜையில் சிந்திவிட்டதாக நினைத்துத் துடைத்தான். அவனுக்கு முழு மதிப்பெண் கிடைத்தது.

இரண்டாம் பருவத்தில்தான் பாடப்பொருளைக் கண்ணில் காட்டினார்கள். முகர்ந்து பார்த்து எழுத வேண்டும், வாயில் வைப்பதெல்லாம் பிறகு. வெந்நீர் நேர்மையாக, ‘புளித்த வாடை அடிக்கிறது’ என்று எழுதினான். மூக்கு சார் அதை எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டினார்.

"புளிப்புன்னு ஒரு குழந்தைகூடச் சொல்லும். இருக்கறதைச் சொல்றதுக்கு எதுக்குப்பா பட்டப்படிப்பு? இல்லாததைச் சொல்லணும். அதுவும் தயங்காமச் சொல்லணும். தயங்கினா வாடிக்கையாளர் கண்டுபிடிச்சிடுவான்."

வெந்நீரின் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அரியர் அக்கா. போன வருஷம் இதே பாடத்தில் தோற்று, திரும்ப வந்து உட்கார்ந்திருந்தவள். ‘பூட்டிக் கிடந்த நூலகத்தில் யாரோ பென்சில் சீவிய வாசனை’ என்று எழுதி அவள் முழு மதிப்பெண் வாங்கினாள். எப்படிக்கா கண்டுபிடிச்சே என்று வெந்நீர் வாய்பிளந்து கேட்டான். அன்று தனக்கு ஒரே சளி, மூக்கு அடைத்துக் கிடந்தது என்றாள்.

பையன் விடவில்லை. வீட்டுக்குப் போய்ப் பழைய செருப்பு, ஈரச் சாக்கு, மூடி வைத்த பெட்டி என்று ஒவ்வொன்றாக முகர்ந்து பழகினான். செருப்பில் மூக்கை வைத்திருக்கும்போது அம்மா பார்த்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னான். பாவம், அவளும் மறுநாள் ஆலையிலிருந்து நனைந்த நூல்கண்டு ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். அதை முகர்ந்து அவன் எழுதியதற்குத்தான் மூக்கு சார் முதல் தடவையாக மதிப்பெண் போட்டார். அன்றைக்கு அம்மாவும் மகனும் சந்தோஷமாகச் சாப்பிட்டார்கள்.

கடைசியில் செய்முறைத் தேர்வு வந்தது.

இங்கேதான் கல்லூரியின் மூளை முழுதாக வேலை செய்திருந்தது. மாணவன் விழுங்கவில்லை என்று எப்படி நிரூபிப்பது? அதற்காகவே இந்த வருஷம் அளவு அதிகாரி என்று ஒருவரைப் புதிதாக நியமித்திருந்தார்கள். வெள்ளைக் கோட்டு, மார்பில் மூன்று பேனா. ஒவ்வொரு மாணவனுக்கும் ஒல்லியான ஒரு கண்ணாடிக் குடுவை. அதன் நடுவில் ஒரு சிவப்புக் கோடு. அதிகாரி குடுவையில் கோடு வரைக்கும் பாடப்பொருளை ஊற்றி, கிளாஸுக்கு மாற்றிக் கொடுப்பார். மாணவன் அதை வாயில் வாங்கி, சுழற்றி, ரசித்து, அதே குடுவையில் துப்ப வேண்டும். திரும்பவும் சிவப்புக் கோட்டுக்கு வந்தால் ரசிகன். கோட்டுக்குக் கீழே நின்றால் குடிகாரன். வாசல் பலகைப்படி மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

வரிசையாகத் துப்பினார்கள். எல்லோருடைய குடுவையிலும் கோட்டுக்குச் சரியாக நின்றது. அரியர் அக்காவுடையது கோட்டோடு கோடாக ஒட்டிக்கொண்டு நின்றது. வெந்நீரின் முறை வந்தது. நெடுநேரம் வாயில் வைத்துச் சுழற்றினான். வாய் கூசியது, ஊறியது. அம்மாவை நினைத்துக்கொண்டு, ஒரு சொட்டுகூட உள்ளே போகாமல், கடைசித் துளி வரை துப்பினான்.

கோட்டுக்கு மேலே ஒரு விரல் கூடுதலாக நின்றது.

அளவு அதிகாரி குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். மேஜை சாய்ந்திருக்கிறதா என்று நான்கு காலையும் பார்த்தார். பிறகு மனதுடைந்து போய்ச் சொன்னார்.

"குறைஞ்சா என்ன செய்யணும்னு விதியில இருக்கு தம்பி. கூடினா என்ன செய்யணும்னு இல்ல. இந்த மாதிரி என்னை ஏன் சங்கடப்படுத்துற?"

விதியில் இல்லாததால் அது குற்றம் என்று மூக்கு சார் விளக்கினார். கொடுத்ததைவிடத் திரும்பி வந்தது அதிகம் என்றால், அந்த அதிகம் வெளியிலிருந்து வந்திருக்க வேண்டும். வளாகத்துக்குள் எவனோ பாடப்பொருள் கடத்தியிருக்கிறான். உடனே வெந்நீரின் பையைக் கொட்டினார்கள். அதிலிருந்த பாட்டிலைத் திறந்து மூக்கு சார் முகர்ந்தார். மழை வாசனையும் இரும்பு வாசனையும் வருவதாகச் சொன்னார். அது ஆறிப்போன வெந்நீர். ஆனாலும் பறிமுதல் செய்தார்கள். வாய்க்குள்ளேயே ஒளித்திருக்கலாம் என்று சந்தேகம் வந்ததால் மறுநாள் பல் டாக்டரை வரவழைத்தார்கள். அவர் விளக்கடித்துப் பார்த்து, கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஒரு சொத்தை இருப்பதாகவும் அதில் அவ்வளவு ஒயின் தங்காது என்றும் எழுதிக் கொடுத்தார். சொத்தையை அடைக்கும்வரை வகுப்புக்கு வரக் கூடாது என்று கல்லூரி உத்தரவு போட்டது.

அன்று சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அரியர் அக்கா அவனைத் தனியாக இழுத்துப் போனாள். "டேய் வெந்நீர், உனக்கு நிஜமாவே தெரியாதா? வாயில எச்சில் ஊறும்டா. அது சேர்ந்தா கூடத்தான் வரும். ஊறினதுக்குச் சமமா உள்ள விட்டுடணும். எல்லாரும் அதைத்தான் பண்றாங்க. போன வருஷம் இந்த அதிகாரி இல்ல. நான் உன்னை மாதிரியே ஒழுங்காத் துப்பினேன், கூட வந்துச்சு, காரணமே சொல்லாம ஃபெயில் போட்டுட்டாங்க."

வெந்நீர் கணக்குப் போட்டுப் பார்த்தான். அப்படியென்றால் குடித்தவர்கள் எல்லாம் குடிக்காதவர்கள், குடிக்காத இவன்தான் மாட்டிக்கொண்டவன். சத்தியம் பண்ணியிருக்கிறேன் அக்கா என்றான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள். அவளுக்கு மறுவாரம் கப்பல் கம்பெனி நேர்முகம் இருந்தது.

விசாரணைக் குழு அமைந்தது. முதல்வர், மூக்கு சார், அளவு அதிகாரி ஆகிய மூவர். வெந்நீர் உண்மையைச் சொன்னான். ஐயா, அது எச்சில் என்றான். மூக்கு சார் பாடத்திட்டத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினார். எச்சில் என்று எங்கேயும் இல்லை என்றார்.

"எத்தனையோ பாட்டில் ரசிச்சவன் நான். என் குடுவையில ஒரு நாளும் கூடினதே கிடையாது. எப்பவும் குறைஞ்சுதான் இருக்கும்" என்றார். சொன்ன பிறகு அவருக்கே ஏதோ போல் இருந்திருக்க வேண்டும். அனுபவம் கூடக் கூட அது ஆவியாகிவிடும் என்று சேர்த்துக்கொண்டார். அளவு அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார்.

எதையும் சோதித்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று குழு முடிவு செய்தது. அதனால் மூவரும் அன்றே பாடப்பொருளை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆய்வு மறுநாளும் தொடர்ந்தது. மூன்றாம் நாள் முதல்வர் அறையிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. குடுவைகள் கழுவ வெளியே வந்தபோது அடியில் லேசாக ஈரம் மட்டும் இருந்தது. குறைந்த அளவு ‘ஆய்வில் செலவு’ என்று பதிவாயிற்று. குழு எந்த முடிவையும் எட்டவில்லை என்பதால் இன்னொரு பெட்டி தேவை என்று முதல்வரே முதல்வருக்கு விண்ணப்பித்து, முதல்வரே அனுமதித்தார்.

பெட்டி தீர்ந்ததும் தீர்ப்பு வந்தது. பெற்றோர் முன்னிலையில் மறுதேர்வு. இந்த முறையும் கூடினால் கடத்தல் குற்றத்துக்காக நீக்கம், அதோடு நன்னடத்தைச் சான்றிதழிலும் அதை எழுதிவிடுவார்கள். கப்பல் இல்லை, வேறு எந்தக் கல்லூரியும் இல்லை.

அம்மா அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு வந்தாள். ஆலையில் போடும் மேலங்கியைக் கழற்றக்கூட நேரமில்லை. வாசலில் இரண்டு பலகைகளையும் நின்று படித்தாள். வெந்நீர் வழியெல்லாம் எச்சில் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தான். அவளுக்கு அது ஒரே தடவையில் புரிந்துவிட்டது. இதைப் புரியவைக்க எதற்குக் குழு என்றுதான் அவளுக்குப் புரியவில்லை.

உள்ளே போனதும் அதையே சொன்னாள். "ஐயா, இதுக்கு ஒயினே வேண்டாமே. பச்சைத் தண்ணியக் கோடு வரைக்கும் ஊத்திக் கொப்பளிக்கச் சொல்லுங்க. கூடத்தான் வரும். நான் வேணா கொப்பளிச்சுக் காட்டறேன்."

தண்ணீர் இந்தத் துறையின் எல்லைக்குள் வராது என்றார் மூக்கு சார். அளவு அதிகாரி மட்டும் குடுவையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு விஷயம் லேசாகப் பிடிபட்டது போலிருந்தது. பேனாவை மூடினார். அதைக் கண்ட முதல்வர் அவசரமாகக் குறுக்கிட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. மரியாதையாக, தாழ்ந்த குரலில்தான் பேசினார்.

"நீங்க சொல்றது எனக்குப் புரியாம இல்லம்மா. ஆனா எச்சிலை ஒத்துக்கிட்டா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. கோட்டுக்குச் சரியா துப்பினவங்க எல்லாம் குடிச்சவங்கன்னு ஆயிடும். பாஸ் பண்ணின அத்தனை பேரையும் வெளிய அனுப்பணும். அப்புறம் வாசல்ல அந்தப் பலகைய எப்படி வைக்கிறது? உங்க ஒரு பையனுக்காக நாங்க எல்லாரும் குடிகாரங்க ஆக முடியுமா?"

அம்மாவுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தினமும் நூற்றுக்கணக்கான சட்டையைப் பார்த்து இது பிசகு என்று தூக்கிப் போடுகிறவள், இங்கே எதைத் தூக்கிப் போடுவாள்?

ஊற்றினார்கள். கோட்டுக்குச் சரியாக. கிளாஸுக்கு மாற்றி அவன் கையில் கொடுத்தார்கள். வெந்நீர் வாயில் வாங்கினான். சுழற்றினான். வாய் ஊறத் தொடங்கியது. கன்னம் இரண்டும் உப்பிப்போய், கண்ணில் நீர் கட்டிக்கொண்டு, அவன் அம்மாவைப் பார்த்தான். பேச முடியாது. துப்பினால் படிப்பு போய்விடும். விழுங்கினால் சத்தியம் போய்விடும். எவ்வளவு நேரம் வைத்திருக்கிறானோ அவ்வளவுக்கு வாய் நிறைந்துகொண்டே வந்தது. மூக்கு சார் அதைப் பார்த்து, என்ன ஒரு ரசனை என்றார்.

அம்மா எழுந்து பக்கத்தில் வந்தாள். அவன் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்தாள். பிறகு அதை அவளே கீழே இறக்கிவிட்டாள்.

"முழுங்கிடு கண்ணு" என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

அவன் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். ஒரு மடக்கு. பிறகு மிச்சத்தைத் துப்பினான். அளவு அதிகாரி குனிந்தார். குடுவையில் சிவப்புக் கோட்டுக்கு இம்மி பிசகாமல் நின்றது. அவர் பேனாவைத் திறந்து எழுதினார்: ‘மாணவர் விழுங்கவில்லை.’

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சோதனைகளைத் தாண்டி ஒரு சொட்டுகூடத் தீண்டாமல் நின்ற இந்த மாணவனே நம் வளாகத்தின் அடையாளம் என்றார் முதல்வர். இதற்கென்றே செய்து வைத்திருந்த பதக்கத்தை அலமாரியிலிருந்து எடுத்து, அம்மா கையாலேயே மகன் கழுத்தில் போடச் சொன்னார். ‘மது தீண்டாத மாணவர்’ என்று அதில் பொறித்திருந்தது. போட்டோ எடுத்தார்கள். அம்மா போட்டோவில் கேமராவைப் பார்க்கவில்லை, மகனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் படம் இப்போதும் துறை வராந்தாவில் தொங்குகிறது. அடுத்த வாரமே கப்பல் கம்பெனியிலிருந்து கடிதமும் வந்துவிட்டது.

பதக்கம் வாங்கிய அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. அம்மா ஜன்னலோரம், வெந்நீர் பக்கத்தில். பதக்கத்தைக் கழற்றி அவள் மடியில் வைத்திருந்தான். பாதி தூரம் போனதும் அம்மாதான் கேட்டாள்.

"எப்படிடா இருந்துச்சு?"

ஒரு வருஷமாகச் சொல்லிக் கொடுத்த சொற்கள் அத்தனையும் அவனுக்குத் தெரியும். நனைந்த நூல், பூட்டிய நூலகம், பழைய செருப்பு. அதில் ஒன்றும் அப்போது வாயில் வரவில்லை. கேட்டவள் அம்மா. உள்ளதைச் சொன்னான்.

"நல்லாதான் இருந்துச்சும்மா."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "உங்கப்பாவும் மொத தடவை இதையேதான் சொன்னாரு" என்றாள். அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டவள் இறங்கும் இடம் வரும்வரை விடவில்லை. பதக்கம் மடியிலிருந்து நழுவிச் சீட்டுக்கு அடியில் உருண்டு போனதை இருவரும் பார்த்தார்கள். யாரும் குனிந்து எடுக்கவில்லை.